ஒரே லயத்தில் இரண்டு காய்ச்சல்: டிங்கியும் சிக்குன்குனியாவும் சேர்ந்து பரவிய ஒரு தோட்டத்து நிகழ்வு

இடம்

மலேசியாவில், கெடா மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள ஒரு தோட்டத்துச் சிற்றூரில் நடந்தது இது. ஒரே ஒரு கடைத்தெரு, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், இடிக்காமல் விட்ட இரண்டு லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), அதற்கு எதிரே மலிவு விலை வீடுகள் கொண்ட தாமான், சற்றுத் தள்ளி வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கொங்சி. சுற்றிலும் செம்பனை. லயத்தின் பின்பக்கத்தில் மட்டும் 38 ஹெக்டர் பழைய பால்மரக்காடு. நிலம் கைமாறி ஓராண்டாகியும் மரம் வெட்டி அப்புறப்படுத்தப்படவில்லை, பால் சீவவும் ஆள் போகவில்லை. பால் சேர மரத்தில் கம்பி போட்டு மாட்டிய கிண்ணங்களான மங்குகள் வாய் மேலே பார்த்தபடி அப்படியே இருந்தன. ஒரு ஹெக்டருக்குச் சுமார் 400 மரம் என்று வைத்தால், ஏறத்தாழ 15,000 மங்கு.

லயத்தில் குழாய்த் தண்ணீர் உண்டு. பகலில் நூலளவுதான் வரும். அதனால் ஒவ்வொரு குளியலறையிலும் 200 லிட்டர் டிரம் ஒன்றோ சிமெண்டுத் தொட்டியோ எப்போதும் நிரம்பியிருக்கும்.

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்த்தது. மார்ச் இறுதியில் மாலை மழை தொடங்கியது. ஏடிஸ் கொசுவின் முட்டை ஈரமில்லாமல் பல மாதம் தாங்கும். மங்கின் உட்சுவரில் ஒட்டிக் கிடந்த முட்டைகள் முதல் மழையிலேயே பொரித்தன. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும்.

முதல் மூன்று நோயாளிகள்

ஏப்ரல் தொடக்கத்தில், காட்டை ஒட்டிய கடைசி வீட்டில் இருந்த 41 வயது செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளிக்குக் காய்ச்சல் கண்டது. அந்த நாளையே இந்தப் பதிவில் முதல் நாளாகக் கொள்கிறோம். மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கின. கழிவறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்துத்தான் போனார். மூன்று நாளுக்குள் மனைவிக்கும் மைத்துனருக்கும் அதே நிலை.

எட்டாம் நாள் அரசாங்க கிளினிக்கில் மூவருக்கும் டிங்கி என்எஸ்1 (இரத்தத்தில் டிங்கி கிருமியின் புரதத்தைத் தேடும்) பரிசோதனை செய்தார்கள். மூவருக்கும் இல்லை என்று வந்தது. காய்ச்சல் தொடங்கி ஐந்து நாள் கடந்தால் என்எஸ்1 தவறவிட வாய்ப்பு அதிகம். ஆகவே முதல் ஆளுக்கு வந்த ‘இல்லை’ எதையும் உறுதிப்படுத்தவில்லை. மூட்டு வலியைப் பார்த்து மருத்துவ அதிகாரி சிக்குன்குனியாவுக்கும், கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை கேட்டு இரத்தம் அனுப்பியது சரியான முடிவு. பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. மனைவிக்கும் மைத்துனருக்கும் சிக்குன்குனியா உறுதி.

இங்கே ஒரு தடயம் கவனிக்கப்படாமல் போனது. மூன்று பேர் மூன்று நாளுக்குள் படுத்தார்கள் என்றால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்க முடியாது. கொசு கடித்து, கிருமி அதன் உடலில் பெருகி, அடுத்தவரைக் கடித்து, அவருக்குக் காய்ச்சல் வர அதைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். மூவரும் ஏற்கெனவே கிருமி ஏறிய கொசுக்களிடம் கடிபட்டவர்கள். அதாவது, நோய் முன்னமே ஊருக்குள் வந்திருந்தது. அந்த வீட்டில் இரண்டு வாரத்துக்கு முன் ஒரு கருமாதி நடந்ததும், வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கால் வீங்கி நொண்டிக்கொண்டு திரும்பியதும் 24ஆம் நாள் விசாரணையில்தான் தெரிந்தது. அவரிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க இயலாது. ஆனால் முதல் வாரமே கேட்டிருந்தால், தேடும் வட்டம் அந்த ஒரு வீட்டோடு நின்றிருக்காது.

சிக்குன்குனியா மலேசியாவுக்குப் புதிதல்ல. 1998 இறுதியில் கிள்ளான் துறைமுகப் பகுதியிலும், 2006இல் பேராக், பாகான் பஞ்சோரிலும் பரவியது. 2008இல் ஜொகூரில் தொடங்கிய அலை நாடு முழுதும் போய்ப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் படுக்க வைத்தது. அந்த அலையின் கிருமியில் ஏ226வி என்ற ஒரே ஒரு மாற்றம் இருந்தது. அது வீட்டுக்கு வெளியே, செடிகொடிகளில் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் உடலில் எளிதாகப் பெருகியது. பட்டணத்து நோய் தோட்டத்து நோயாக அதுவும் ஒரு காரணம்.

பெயர் வைத்த பிறகு

முடிவு வந்த அன்றே ஊர் முழுவதும் ‘மூட்டுக் காய்ச்சல்’ என்று பேச்சானது. யாருக்கு உடம்பு சுட்டாலும் அதே பெயர். 13ஆம் நாளுக்கும் 22ஆம் நாளுக்கும் இடையில் 17 பேர் காய்ச்சலோடு கிளினிக்குகளுக்குப் போனார்கள். ஐந்து பேருக்கு மட்டுமே இரத்தம் எடுக்கப்பட்டது. ஒரு கிருமி இருப்பது உறுதியானால் இன்னொன்று இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் அப்படியே நடந்துகொண்டார்கள்.

இப்படிப் பெயர் முந்திக்கொள்வதற்கு இந்நாடு ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1998 இறுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் கிளம்பியபோது, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சிறுவர்களை விட்டுவிட்டுப் பண்ணையில் வேலை செய்யும் பெரியவர்களே விழுந்தது அந்த எண்ணத்தோடு ஒட்டவில்லை. 1999 மார்ச்சில்தான் அது பன்றியிடமிருந்து தொற்றும் நிப்பா என்ற புதிய கிருமி என்று தெரிந்தது. மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள்.

13ஆம் நாள் மாலை 200 மீட்டர் சுற்றளவில் புகையடிக்கப்பட்டது. இரண்டு இடத்தில் பிசகியது. புகையில் கலக்கும் எண்ணெய் தரையிலும் சாமிப் படத்திலும் படியும் என்று லயத்துப் பெண்கள் கதவு சன்னலை இறுக மூடினார்கள். துணிமணிக்குள்ளும் கட்டிலடியிலும் ஒண்டியிருக்கும், வீட்டுக்குள் வாழும் வகையான ஏடிஸ் எஜிப்டி கொசுவைப் புகை தொடவே இல்லை. இன்னொன்று, பால்மரக்காட்டின் ஓரம்வரை மட்டுமே புகை போனது. பறக்கும் கொசுவைத்தான் புகை கொல்லும். மங்கிலிருந்த புழுக்கள் அடுத்தடுத்த நாள்களில் கொசுவாகிப் பறந்தன. அதிலிருந்து ஏழாம் நாள் அடிக்க வேண்டிய இரண்டாம் சுற்று மழையால் நான்கு நாள் தள்ளிப்போனது.

நான்காம் நாள்

19ஆம் நாள் மாலை, லயத்தின் நடு வீட்டில் 36 வயதுப் பெண்ணுக்குக் கடுங்காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, முதுகு வலி. அவருடைய 11 வயது மகன் அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே காய்ச்சலும் முழங்கால் வலியுமாகப் படுத்திருந்தான். மறுநாள் இருவரும் கடைத்தெருவில் உள்ள ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். “லயத்துல இருக்கிற அதே மூட்டுக் காய்ச்சல்தான்” என்று சொல்லி, தாய்க்கு டைக்ளோஃபெனாக் ஊசியும் அதே மாத்திரையும் தந்து, மூன்று நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தார்கள். இரத்த எண்ணிக்கை பார்க்கவில்லை.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் போன்றவை சிக்குன்குனியாவின் மூட்டு வலியை நன்றாகவே குறைக்கும். சிக்கலே அங்குதான். டிங்கியாக இருந்தால் வயிற்றுப் புண்ணையும் இரத்தக் கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் இழுத்துவிடும். வெளிநோயாளியாக வந்தவரை முதல் மூன்று நாளில் வெறுமனே பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. மூட்டு வீக்கம் சிக்குன்குனியாவின் பக்கம் சாயும், வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் மளமளவென்று இறங்குவது டிங்கியின் பக்கம் சாயும். சாயும் என்பதற்கு மேல் சொல்ல வழியில்லை.

நோயின் நான்காம் நாள், அதாவது 22ஆம் நாள் காலை, காய்ச்சல் இறங்கியது. வீட்டில் நிம்மதி. அவர் மட்டும் எழவில்லை. விடிந்ததிலிருந்து நான்கு தடவை வாந்தி, மேல் வயிற்றில் வலி. நண்பகலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வுபெற்றவர்.

“காய்ச்சல் விட்டுருச்சுண்ணே. கொஞ்சம் தூங்குனா சரியாயிரும்.”

“காய்ச்சல் விட்ட பெறகுதாம்மா பாக்கணும். கையக் காட்டு.”

கை சில்லென்று ஈரமாக இருந்தது. விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விட்டார். வெளுத்த நகம் சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் பிடித்தது. கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று கேட்டார். நேற்று இரவு. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, காரை எடுத்துவரச் சொன்னார்.

அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்தம் 92/76, நாடித்துடிப்பு 124. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் ‘கொஞ்சம் குறைவு’ என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் 16தான் வித்தியாசம். அது 20க்குள் வந்துவிட்டால், உடல் கடைசி முயற்சியாக இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஹெமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 49 சதவீதம். முந்தைய ஆண்டு பரிசோதனை அட்டையில் 38 என்று இருந்தது. நீர் குழாயை விட்டுக் கசிய, இரத்தம் கெட்டியாகியிருந்தது. பிளேட்லெட் 41,000. வெள்ளையணு 2,900. என்எஸ்1 உண்டு.

ஆம்புலன்சுக்குக் காத்திராமல் அங்கேயே சலைன் ஏற்றத் தொடங்கினார்கள். எடை 58 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் கணக்கில் முதல் ஒரு மணி நேரத்தில் 580. வித்தியாசம் 30ஆக விரிந்ததும் மருத்துவமனையில் வேகத்தை 7, 5, 3 என்று படிப்படியாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு படியிலும் நாடி, வித்தியாசம், சிறுநீர் அளவு, ஹெமட்டோகிரிட் நான்கையும் பார்த்த பிறகே அடுத்த படி. மறுநாள் காலை ஹெமட்டோகிரிட் 42. கசிவு நிற்கும் நேரத்தில் சலைனைத் தொடர்ந்தால் அந்த நீர் நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால் 36 மணி நேரத்தில் நிறுத்தினார்கள். பிளேட்லெட் 19,000 வரை இறங்கியது. இரத்தக் கசிவு இல்லாததால் பிளேட்லெட் ஏற்றவில்லை.

குடும்பத்தார் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார்கள். அக்கறையோடு செய்ததுதான். வாந்தி எடுப்பவருக்கு அந்தக் கசப்பு இன்னும் வாந்தியையே கூட்டும். அதைவிட, எல்லாருடைய கண்ணும் பிளேட்லெட் எண்ணிலேயே இருந்தது. டிங்கியில் முதலில் ஆளைச் சாய்ப்பது நீர்க் கசிவு.

நோயின் ஏழாம் நாள் வீடு திரும்பினார். அவருடைய இரத்தத்தில் சிக்குன்குனியா இல்லை. மகனுடைய இரத்தத்தில் சிக்குன்குனியா இருந்தது, டிங்கி இல்லை. ஒரே வீடு, ஒரே வாரம், ஒரே பாயில் படுத்தவர்கள்.

மறுநாள் எடுத்த முடிவுகள்

23ஆம் நாள் கிளினிக் மருத்துவர், மாவட்டச் சுகாதார அதிகாரி, தோட்ட மண்டோர், கோயில் தலைவர் ஆகியோர் கோயில் மண்டபத்தில் கூடினார்கள்.

முதல் முடிவு: மூட்டு வலி எவ்வளவு இருந்தாலும், வேறு என்று தெரியும்வரை டிங்கியாகவே நடத்துவது. வலிக்குப் பாரசெட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. மற்ற வலிமருந்துகள் காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் கழித்து, அபாய அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டால் மட்டுமே. கடைத்தெருவின் இரண்டு தனியார் கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் நேரில் போய் இதைச் சொன்னார்கள். சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது.

இரண்டாவது: காய்ச்சலோடு வரும் எல்லாருக்கும் முதல் வருகையிலேயே முழு இரத்த எண்ணிக்கை, மூன்றாம் நாளிலிருந்து தினமும். முதல் ஐந்து நாளுக்குள் வந்தால் என்எஸ்1, அதே இரத்தத்தில் சிக்குன்குனியா பிசிஆர். கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஐஜிஎம் எதிர்ப்புப்பொருள் மட்டும் இருந்தால் அதை வைத்துப் பெயர் சொல்வதில்லை. டிங்கி ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் இரத்தத்தில் தங்கும். கொங்சியில் ஒருவருக்கு அப்படித்தான் ‘டிங்கி’ என்று எழுதியிருந்தார்கள். விசாரித்தபோது அது பிப்ரவரியில் வந்து போன பழைய டிங்கி. இப்போது அவரைப் படுக்க வைத்தது சிக்குன்குனியா.

சேமித்தும் புதிதாக எடுத்தும் 14 பேரின் இரத்தம் பரிசோதனைக்குப் போனது. எட்டில் சிக்குன்குனியா, நான்கில் டிங்கி, ஒன்றில் இரண்டும். மீதி ஒருவருக்கு இரண்டுமே இல்லை. கண் சிவந்து, கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்த அவருக்கு எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ். அது ஆன்டிபயாடிக்கால் குணமாகும் நோய். ‘மூட்டுக் காய்ச்சல்’ என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

லயத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு உடம்பெங்கும் தடிப்பு. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய சிக்காவுக்கும் சேர்த்து மருத்துவர் இரத்தம் அனுப்பினார். சிக்கா கிருமி 1966இலேயே பகாங், பெந்தோங்கில் பிடித்த ஏடிஸ் எஜிப்டியில் கண்டெடுக்கப்பட்டது. 2016இல் கிள்ளானில் நோயாளியும் உறுதியானார். இவருக்குச் சிக்கா இல்லை, சிக்குன்குனியா. பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் கிருமி இருந்தால்தான் குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து பெரிது. இவருக்கு இன்னும் நாள் இருந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது.

மங்குகளும் தொட்டிகளும்

24ஆம் நாளிலிருந்து மூன்று நாள் புழு தேடினார்கள். லயத்துக் குளியலறைகளில் டார்ச் அடித்து, சிறு வலையால் அள்ளினார்கள். காட்டில் மங்கை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பார்த்தார்கள். காய்ந்த பால் ஓரமாக ஒட்டியிருந்த ஒரே மங்கில், நான்கு விரற்கடைத் தண்ணீருக்குள், 30க்கு மேல் புழு நெளிந்தது.

எந்தக் கொசு என்று தெரிய வேண்டியிருந்தது. நுண்ணோக்கியில் புழுவின் எட்டாம் வயிற்றுக் கண்டத்தில் வரிசையாகச் சீப்புப்பல் தெரியும். பல்லின் பக்கங்களில் முள் கிளைத்துச் சூலம் போல் இருந்தால் எஜிப்டி. ஒற்றை முள்ளாக மழமழவென்று இருந்தால் அல்போபிக்டஸ். குளியலறைப் புழுக்கள் ஏறக்குறைய எல்லாம் முதல் வகை. மங்குப் புழுக்கள் எல்லாம் இரண்டாம் வகை. இரண்டு கொசுவும் இரண்டு கிருமியையும் சுமக்கக் கூடியவை என்பதால், டிங்கி தொட்டியிலிருந்தும் சிக்குன்குனியா மங்கிலிருந்தும் வந்தன என்று கோடு கிழிக்க முடியாது. ஆனால் ஓரிடத்தை மட்டும் துப்புரவு செய்தால் மற்றது ஓயாது என்பது தெளிவானது.

மங்குகளைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்பது முதல் யோசனை. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் மறுத்தார்கள். கம்பியில் கவிழ்ந்த மங்கு காற்றிலும் குரங்காலும் திரும்பிவிடும், கீழே விழுந்தாலும் வாய் மேலே பார்த்தே கிடக்கும். ஆகவே கம்பியோடு கழற்றிச் சாக்கில் கட்டுவது என்று முடிவானது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நில உரிமையாளருக்கு உத்தரவு போனது. அவர் ஆள் அனுப்பினார். எந்த மரத்தில் கொடி மூடியிருக்கிறது, எந்த வரிசை பள்ளத்தில் இருக்கிறது என்று காட்டியவர்கள், முன்னாளில் அதே நிரையில் பால் சீவிய மூன்று பெண்கள். லயத்தை ஒட்டிய முதல் 200 மீட்டர் இரண்டு நாளில் முடிந்தது. முழுக்காட்டுக்கும் 16 நாள்.

தொட்டிகளுக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் டெமிஃபோஸ் மணல். 1 சதவீத மணலில் 10 கிராம் 100 லிட்டர் தண்ணீருக்கு என்பது அளவு, எனவே 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம். முன்பு கையால் அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தொட்டி கழுவும்போது அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும். இம்முறை நிறுத்து, மெல்லிய துணியில் முடிந்து, நூல் கட்டித் தொங்கவிட்டார்கள். கழுவும்போது முடிச்சை எடுத்து வைத்துவிட்டு மறுபடி போடலாம். கழுவும்போது உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்கச் சொன்னார்கள். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். வெறுமனே கொட்டிவிட்டு நிரப்பினால் அது மறுபடி நனைந்து பொரிக்கும்.

அடுத்த புகையடிப்புக்கு முந்தைய நாள் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு. உணவையும் சாமி மாடத்தையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூட வேண்டும், கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும், அரை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம். விரிப்பை மண்டோரே வாங்கித் தந்தார். லயத்தில் இரண்டு வீடு தவிர எல்லாம் திறந்திருந்தன.

பின்னர் நடந்தது

சிக்குன்குனியா முதலில் அடங்கியது. 38ஆம் நாளுக்குப் பிறகு புதிய நோயாளி இல்லை. டிங்கி இழுத்தது. கடைசி நோயாளி 52ஆம் நாள், தாமானில். அதன்பின் 14 நாள் புதிதாக எவரும் வராததால் 66ஆம் நாள் பரவல் முடிந்ததாகப் பதிவானது. உயிரிழப்பு இல்லை.

ஆனால் பதிவேடு மூடியபின்னும் வலி மூடவில்லை. முதல் நோயாளியான குலை வெட்டுபவர் மூன்று மாதம் கழித்தும் காலையில் விரலை மடக்க முடியாமல் இருந்தார். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை மேலே தூக்கி இழுக்கும் வேலை அது. தினக்கூலி, எம்.சி. நாள் முடிந்தால் சம்பளமில்லை. மண்டோர் அவரைச் சில வாரம் நாற்றுமேட்டு வேலைக்கு மாற்றினார். வலிமருந்து, சிறுநீரகப் பரிசோதனைக்குப் பிறகே தொடங்கப்பட்டது. வெந்நீரில் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சி அவருக்கு மாத்திரையைவிட உதவியது.

மாற்ற வேண்டியவை

பால் சீவுவதை நிறுத்தும் நாளே மங்கைக் கழற்றும் நாளாக இருக்க வேண்டும். நிலம் விற்கும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதலாம். இலையுதிர்வுக் காலத்தில் தற்காலிகமாக நிறுத்தும் தோட்டங்களில், மழைக்கு முன் மார்ச்சில் ஒரு சுற்று போனால் போதும்.

ஆய்வகம் ஒரு கிருமியை உறுதிசெய்த பிறகும், வாரந்தோறும் புதிய நோயாளிகளில் சிலரையாவது மற்றக் கிருமிகளுக்கும் பரிசோதிக்க வேண்டும். இந்த ஊரில் பத்து நாள் அது நின்றது, அந்தப் பத்து நாளில்தான் டிங்கி கண்ணில் படாமல் பரவியது.

2017 முதல் சிலாங்கூரில் சோதிக்கப்பட்டு, பின்னர் பல இடங்களில் விடப்படும் வோல்பாக்கியா கொசுக்கள் (டிங்கி கிருமி பெருகுவதைத் தடுக்கும் பாக்டீரியா ஏற்றப்பட்டவை) ஏடிஸ் எஜிப்டியை நோக்கியவை. தாமானுக்கு அவை உதவலாம். பால்மரக்காட்டின் அல்போபிக்டஸ் அதனால் குறையாது, அங்கே சாக்கும் ஆளும்தான் வேண்டும்.

காய்ச்சல் விட்ட அடுத்த 48 மணி நேரம் பார்க்க வேண்டியவை, அதாவது தொடர் வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சில்லென்ற கை, அசதித் தூக்கம், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை, இவற்றை எம்.சி. தாளின் பின்புறத்தில் தமிழிலும் மலாயிலும் வங்காளத்திலும் அச்சடித்துத் தருகிறது அரசாங்க கிளினிக். தனியார் கிளினிக்குகளில் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. மற்றதோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஓய்வுபெற்ற டிரெஸ்ஸர் லயத்தின் ஆறு பேருக்கு நகம் அழுத்திப் பார்க்கவும் நாடி எண்ணவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவர்களில் ஒருவர், நான்காம் நாள் உயிர் பிழைத்த அந்தப் பெண்.